நிஜச் சாறு யாருக்கு?

“என்னங்க, வைரக்கண்ணு இன்னைக்கும் நம்ம வரப்பைச் செதுக்கிட்டாராம்!”

அமிர்தம் சொல்லி வாய் மூடவில்லை. சாரங்கபாணி கையிலிருந்த மருந்து பாட்டிலை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

“யாரு சொன்னா?”

“பால்காரர் போறபோக்குல சொன்னாரு. வண்டியை எடுக்காதீங்க, சத்தம் கேட்டா ஓடிடுவாரு. நடந்தே போங்க. எனக்கென்ன வந்துது, நான் போய் விளக்கேத்துறேன்.”

பற்றவைத்துவிட்டு விளக்கேற்றப் போகிறாள்! சாமி, பூஜை என்று இருக்கிறவளுக்கு விடிந்தால் கோள் சொல்லாமல் இருக்க முடியவில்லையே என்று ஊரே பேசியது.

சாரங்கபாணி கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

வைரக்கண்ணுவுடையது, சாரங்கபாணியின் அப்பா காலத்தில் அவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பம். இப்போது பக்கத்து வயலுக்குப் பட்டா வைரக்கண்ணு பெயரில். வேட்டியில் கரையும் வேறு கட்சி. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது சர்க்கரை வியாதி ஒன்றுதான்.

அதிலும் இப்போது போட்டி. புளிக்கவைத்த தேயிலைச் சாறு சர்க்கரையைக் கட்டுப்படுத்துமா என்று சோதிக்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார்.

“பாதிப் பேருக்கு நிஜச் சாறு. மீதிப் பேருக்கு அதே நிறத்துல, அதே புளிப்புல வெறும் தண்ணி. யாருக்கு எதுன்னு கடைசியிலதான் தெரியும். அதுவரைக்கும் சாப்பாடு, நடமாட்டம் எதையும் மாத்திக்காம எப்பவும் போல இருங்க.”

சாரங்கபாணி இந்தச் சாறைத்தான் மலைபோல நம்பியிருந்தார். கண்ணுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை இறங்காவிட்டால் பார்வை போய்விடும் என்று கண் டாக்டர் எச்சரித்திருந்தார்.

“அவன் ஆளுங்கட்சி. நிஜச் சாறு அவனுக்குத்தான் போயிருக்கும்” என்று தினமும் புலம்பினார்.

“பெரிய வீட்டுக்குத்தானே நல்லதைக் கொடுப்பாங்க” என்றாராம் வைரக்கண்ணு.

வயலுக்குப் போய்ப் பார்த்தால் வரப்பு செதுக்கின மாதிரியும் இருக்கும், செதுக்காத மாதிரியும் இருக்கும். எதிரே வைரக்கண்ணு வேகுவேகென்று வந்தார்.

“என்னய்யா, வரப்பைச் செதுக்குறியா?”

“நல்லாருக்கே! நீங்க செதுக்கிட்டீங்கன்னுதான் நானே ஓடி வர்றேன்.”

“சரி, நீ முதல்ல வீட்டுக்குப் போ.”

“ஏன், நான் போனதும் வெட்டவா? நீங்க போங்க.”

யாரும் போகவில்லை. ஒருவரையொருவர் முறைத்தபடி, வெயில் ஏறும்வரை வயலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தினமும் இதே கூத்துதான். மழை பெய்தால் குடையோடு.

சோதனை முடிந்தது. ஊராட்சி அலுவலகத்தில் எல்லாரும் கூடினார்கள்.

“சாரங்கபாணி ஐயா, உங்களுக்குச் சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு. இப்படியே இருந்தா கண்ணுக்குப் பயமில்லை” என்றார் டாக்டரம்மா.

சாரங்கபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வைரக்கண்ணுவைப் பார்த்தார். “பார்த்தியா? நிஜச் சாறு யாருக்குன்னு!”

“இல்லீங்க, நீங்க குடிச்சது வெறும் தண்ணி. வைரக்கண்ணு ஐயா குடிச்சதுதான் சாறு. அவருக்கும் இறங்கியிருக்கு. ஆனா மத்தவங்க யாருக்கும், சாறு குடிச்சும் சரி, தண்ணி குடிச்சும் சரி, பெரிசா இறங்கலை.” டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வேற ஏதாவது செஞ்சீங்களா?”

“நாங்க சேர்ந்து எதுவுமே செய்யறதில்லை!” இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“தண்ணியோ கிண்ணியோ, எனக்கு அதையே இன்னும் ரெண்டு பெட்டி அனுப்பிவைங்க” என்று சொல்லிவிட்டு, சாரங்கபாணி மனைவியைத் தேடி வெளியே வந்தார்.

பக்கத்துப் பிள்ளையார் கோயில் சுவரோரம் அமிர்தம் நின்றிருந்தாள். கூட நின்றது யார்? வைரக்கண்ணுவின் மனைவி ராமாயி! விரோதி வீட்டுக்காரியோடு என்ன பேச்சு? சாரங்கபாணி கோபத்தோடு நெருங்கினார்.

“அவரு கண்ணு பிழைச்சுது ராமாயி” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அமிர்தம். “நடங்கன்னு சொன்னா நடக்குற மனுஷனா அவரு?”

“எங்க வீட்டுலயும் அதே கதைதான் அக்கா. ஆனா வரப்பைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. நாளையிலேருந்து வாய்க்கால் மடையை அடைச்சிட்டாங்கன்னு சொல்லுவமா? தூரமும் கொஞ்சம் கூட.”