ஆளுக்கொரு துபாஷி

"இவரு மூஞ்சியப் பாத்துட்டு இனி ஒரு வாய் சோறுகூட என்னால திங்க முடியாது. அதையும் அப்படியே சொல்லு கண்ணு," என்றாள் அம்மா கனகம், அப்பாவைக் காட்டி.

சுபாஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னாள். "நான்" என்றே சொல்ல வேண்டுமாம். "அம்மா சொல்றாங்க" என்று ஆரம்பித்தால் டாக்டர் கையை உயர்த்தி நிறுத்திவிடுகிறார். யாருக்காகப் பேசுகிறோமோ அவராகவே பேச வேண்டும், எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அதுதான் அங்கே முறை.

எதிரே உட்கார்ந்திருந்தவன் கணேஷ்குமார். சுபாஸ்ரீயின் கணவன். அடுத்த வாரம் வக்கீல் முன்னால் இரண்டு பேரும் விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த உறவும் முடிந்த மாதிரிதான்.

சுபாஸ்ரீக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் குடும்பம் உடைகிறதே என்று ஈரோட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு அலறி அடித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள், வந்த இடத்தில் தாங்களே முட்டிக்கொண்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? நீ பிரியலாம் என்றால் நானும் பிரிகிறேன் என்று அம்மா கிளம்பிவிட்டாள். தம்பதிகளுக்குக் கவுன்சலிங் செய்யும், தார்நாகா பகுதியில் இருக்கும் இந்த டாக்டரையும் அவளேதான் கோயிலில் யாரிடமோ விசாரித்துப் பிடித்தாள். டாக்டருக்குத் தெலுங்கும் ஆங்கிலமும்தான் தெரியுமாம். அப்பா அம்மாவுக்கோ தமிழை விட்டால் வேறு கதி இல்லை. பேச்சை மொழிபெயர்க்க ஆளுக்கொரு துபாஷியோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

"எம் பேச்சை எம் பொண்ணு சொன்னா ஞாயமா இருக்காது. மாப்ள வரட்டும்," என்று அப்பா கோவிந்தராஜன் ஒற்றைக்காலில் நின்றார்.

அறுபது வயதுக்கு மேல் இந்தக் கூத்து. அதற்காக, யார் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று அவள் வீட்டை விட்டு வந்தாளோ அவன் எதிரிலேயே உட்கார வேண்டியிருக்கிறது.

"அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்," என்றார் டாக்டர் ஆங்கிலத்தில். சுபாஸ்ரீ வேண்டாவெறுப்பாகக் கேட்டாள்.

கனகம் முந்தானையைத் திருகினாள். "எனக்கு வயித்துல ஆபரேசன் பண்ணுனாங்கல்ல, அன்னைக்கு இவரு எம் பக்கத்துல உக்காரல. மஞ்ச மண்டிக்குப் போயிட்டாரு. கண்ணு முழிச்சுப் பாக்கறேன், ஆருமே இல்ல. நாஞ் செத்தாலும் இவருக்கு ஒண்ணுமில்லைன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

இது சுபாஸ்ரீக்குப் புதுச் செய்தி. அப்போதும் அவள் இங்கே ஹைதராபாத்தில்தான் இருந்தாள். மொழிபெயர்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போன அன்று அவளும்தான் கண் விழித்துப் பார்த்தாள். கணேஷ்குமார் ஆஸ்பத்திரி வராந்தாவில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் இருந்தான். அதைப் பற்றி அம்மாவிடம் ஒரு தடவை அழுததோடு சரி, அவனிடம் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கழுவாத பாத்திரத்துக்கும் வாங்காத பால் பாக்கெட்டுக்கும்தான் சண்டை போட்டாள்.

"அவரைப் பார்த்துச் சொல்லுங்கள்," என்றார் டாக்டர்.

"நான் கண் விழித்தபோது யாருமே இல்லை," என்றாள் சுபாஸ்ரீ ஆங்கிலத்தில். "நான் செத்துப்போனாலும் உனக்கு ஒன்றுமில்லை என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று."

அம்மா சொன்னதைவிடக் காரமாகவே சொன்னாள்.

டாக்டர் இப்போது அப்பா பக்கம் திரும்பினார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பக்கத்துல உக்காந்திருந்தா நான் அழுதிருப்பேனுங் மாப்ள. நானே அழுதுட்டா அவ என்ன ஆவா? அதான் மண்டிக்குப் போயி மூட்டையப் பொரட்டிட்டுக் கெடந்தேன். என்ன பண்ணுனேன்னு இன்னிக்கும் ஞாபகமில்லைங்."

கணேஷ்குமார் சுபாஸ்ரீயைப் பார்த்தான்.

"பக்கத்தில் உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன்," என்றான் ஆங்கிலத்தில். "நானும் உடைந்துவிட்டால் உன்னை யார் தாங்குவது? அதனால்தான் லேப்டாப்பைத் திறந்துகொண்டேன். மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்றே எனக்குத் தெரியாது."

"அப்பா லேப்டாப்னு சொல்லல," என்று தமிழில் சீறினாள் சுபாஸ்ரீ.

"இல்ல."

"மண்டின்னுதான் சொன்னாரு."

"தெரியும் சுபா."

"அப்ப இத்தன நாளா இத ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் ஒருத்தியேதான் சுமக்கோணுமா? அது உனக்கும் கொழந்தைதான?"

"நீ எம் மூஞ்சியவே பாக்கல. நான் கிட்ட வந்தா உனக்கு அதுதான் ஞாபகம் வரும்னு நெனச்சேன். பயமா இருந்துச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எழுந்து போய் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இன்னும் ஒன்று. அவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

நேரம் முடிந்ததும், "நீங்க ரண்டு பேரும் கீழ போயி ஆட்டோ பாருங்க கண்ணு, நாங்க வந்தர்றோம்," என்றாள் கனகம்.

மாடிப்படியில் கணேஷ்குமார் கேட்டான். "வக்கீலுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லட்டுமா?"

"சொல்லு. ஆனா எனக்கு இன்னும் கோவம் போகல."

"போக வேணாம். வீட்டுக்கு வந்து திட்டு."

அவனை வாசலில் நிறுத்திவிட்டு அவள் மறுபடி மேலே ஏறினாள். ஆபரேஷன் அன்று அம்மாவை அப்படி அநாதையாக விட்டுப் போன அப்பாவை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தது அவளுக்கு.

கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே மொழிபெயர்க்க ஆளில்லாமலே அம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங் டாக்டரம்மா, அடுத்த வாரமும் நாங்க வந்து சண்டை கட்டோணுங்ளா? அன்னைக்கு எங் கட்டிலை விட்டு நகராத மனுசன் இவரு. பொய் சொல்லச் சொன்னா, பாவம், மூஞ்சியே வாடிப்போகுதுங்."

"நக்கோம்மா, வேண்டாம்," என்றார் டாக்டர், சுத்தமான செகந்திராபாத் தமிழில். "நீங்க ஊருக்குக் கிளம்பலாம். உங்க பேச்சை மொழிபெயர்க்கிறத அவங்க எப்பவோ நிறுத்திட்டாங்க."