அணுகுசாலை இல்லாத பாலம்

இண்டூருக்கு அப்பால் ஓடையின் நடுவே புதுப் பாலம் வெயிலில் வெளுத்து நிற்கிறது. அதன் இரு முனைகளும் ஆளுயரத்துக்கு மேலே அந்தரத்தில் முடிகின்றன. வந்த நிதி பாலத்தோடு தீர்ந்துவிட்டது, ஏறிப்போகும் சாலைக்கு இனிமேல்தான் ஒதுக்க வேண்டுமாம். அந்தச் சாலைக்கென்று முதல் ஆளாக நிலம் எழுதிக் கொடுத்த நஞ்சப்பன் இப்போது பாடையில் படுத்திருக்கிறார். சுடுகாடு அக்கரையில் இருக்கிறது. பறை ஓய்கிறது. தூக்குகிறவர்கள் செந்நிறமாக இழுத்து ஓடும் மழைத்தண்ணீரில் ஒவ்வொருவராகக் கால் வைக்கிறார்கள். வழக்கப்படி பெண்கள் இக்கரையிலேயே நின்றுவிட, மகள் கோகிலவாணி மட்டும் தண்ணீர் விளிம்புவரை ஓடி வருகிறாள்.

“மெதுவா போங்க மாமா, அப்பா மேல தண்ணி படப் போவுது.”

பாதி வழியில் பாடையை ஒருமுறை இறக்கி வைத்துத் தோள் மாற்றுவது முறை. இடுப்பளவுத் தண்ணீரில் எங்கே இறக்குவது என்று தெரியாமல் எல்லோரும் நிற்கிறார்கள். “அந்தத் தூணுக்கு அடியில காங்கிரீட்டு மேல வைங்கப்பா” என்கிறார் மாமா. தண்ணீருக்கு மேல் தெரியும் தூணின் அடிக்கட்டில் பாடை அமர்கிறது. பாலத்தின் நிழல் நஞ்சப்பனின் முகத்தில் விழுகிறது. மாலையிலிருந்து சாமந்தி இதழ்கள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. கட்டி முடித்த நாளிலிருந்து அந்தப் பாலம் தாங்குகிற முதல் ஆள் அவர்தான்.