கோயில் தலைவர் ஜிம்முக்கு வந்தார்

கிளிநொச்சியிலிருந்து அகதியாகக் கனடாவுக்கு வந்த சுகிர்தா ஸ்காபரோவில் முதல் ஜிம்மைத் திறந்தபோது, கோயில் தலைவர் குணநாயகம் அதை "பொம்பிளையள் காலைத் தூக்கிற கடை" என்று சபையில் சொல்லிச் சிரித்தார். ஏழு வருடங்களில் அது மூன்று ஜிம்களாயிற்று. இப்போது நெஞ்சில் சத்திரசிகிச்சைத் தழும்போடு அவரே அவள் முன் நின்றார். உடற்பயிற்சி செய்யாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"பிள்ளை, சனம் கண்டால் கதைக்கும். நான் பின்பக்கத்தால வந்து போறன்."

"பின்பக்கம் குப்பை போற வழி, ஐயா. உங்களுக்கு அதுதான் வசதியெண்டால் சொல்லுங்கோ," என்றாள் சுகிர்தா.

அவர் முகம் கறுத்தது. "கோயில்ல நான் ஆரெண்டு தெரியும்தானே?"

"தெரியும். இஞ்ச நாலு படி ஏறவே மூச்சு வாங்கிற ஆள்."

கோபத்தில் திரும்பியவரின் கண்ணில் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு பெண் பட்டாள். செவ்வாய்தோறும் நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகும் அவர் மனைவி பவளம், தரையிலிருந்த பாரக் கம்பியை இடுப்புவரை தூக்கி நிமிர்ந்தாள்.

அவளும் அவரைக் கண்டாள். கம்பியைக் கீழே வைக்கவில்லை.