யானைக்கும் ஓர் ஓட்டை

மலையில் பல் கிடுகிடுக்கும் குளிர். வளைக்குள் சுள்ளி எரித்து விலங்குகள் எல்லாம் புகையில் இருமிக்கொண்டிருந்தன. மலையடியில் இருந்த வெந்நீர் ஊற்றின் சூட்டை வளைதோறும் கொண்டுவரச் சுரங்கம் தோண்டலாம் என்றது பெருச்சாளி.

"நரி சேரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றது முயல்.

"முயல் சேரட்டும்" என்றது நரி.

அலுத்துப்போன பெருச்சாளி யானை ராஜாவிடம் முறையிட்டது.

"இனி யாரும் சுள்ளி எரிக்கக் கூடாது. எல்லாரும் சுரங்கத்தில் சேர்ந்தே ஆக வேண்டும்" என்று உத்தரவு போட்டது யானை.

முயல் முணுமுணுத்துக்கொண்டே சேர்ந்தது. சுரங்கம் வந்ததும் வளையெல்லாம் கதகதப்பானது. எந்த வளையிலும் நுழைய முடியாத யானை மட்டும் வெளியே நடுங்கியது.

முயல் பெருச்சாளியை இழுத்து வந்து, யானையின் காலடியில் ஓர் ஓட்டை போடச் சொன்னது. சூடான ஆவி பொங்கியது.

"எதுக்குப்பா இது?"

"எல்லாரும் சேரணும்னு உத்தரவு, மகாராஜா" என்றது முயல், கறாராக. "தும்பிக்கையை உள்ளே விடுங்க."