சிவப்புப் பொட்டு

சலவைக் கடை ஒன்றுக்காக என் கணவர் எழுதிய புரோகிராமைப் பிழை பார்க்க உட்கார்ந்தேன்.

“நிறமும் அளவும் ஒத்துப்போனா ஒரே பனியன்னு எழுதியிருக்கீங்களே! யாரோ போட்டுக் கழட்டினதை இன்னொருத்தர் தலையில கட்டிடுமே! ‘அதே மாதிரியா’ன்னு கேட்டிருக்கீங்க. ‘அதுவேதானா’ன்னு இல்ல கேட்கணும்?”

“துவைச்சதுதானே? எல்லாம் ஒண்ணுதான் போ.”

“சீ!”

வீட்டிலும் இதே கூத்துதான். சலுகை விலையில் மூன்று நீலப் பிரஷ் வாங்கிவந்தார். அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. ஆளுக்கொன்று பல் தேய்க்க. மூன்றாவது, டாய்லெட் தேய்க்க. நான் எத்தனை முறை பிரித்து வைத்தாலும் மூன்றையும் ஒரே டம்ளரில் செருகிவிடுவார். அதனால் அவரிடம் சொல்லாமலே என்னுடையதில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். மற்ற இரண்டில் எதை வாயில் வைக்கிறாரோ, அது அவர் பாடு.

அந்தப் பொட்டை இன்று, பாதியில் எழுந்து பல் தேய்க்கப் போனபோது, வாய் நிறைய நுரையோடு, அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“பாருங்க! மூணும் ஒரே மாதிரி இருந்தாலும் நான் தினமும் பல் தேய்க்கிறது இதாலேயேதான்!”

அவர் முகம் வெளிறியது.

“அது... டாய்லெட்டுக்குன்னு நீ வச்ச அடையாளம் இல்லையா?”

நுரை தொண்டையில் நின்றது. “அப்போ நீங்க எதால...”

“சத்தியமா மாத்தி எடுத்ததே இல்லம்மா. வாரா வாரம் அதுவேதான்.”