தாம்பூலப் பை

டியூஷனுக்கு வந்த மாணவியிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார். வாத்தியார் அருள்வேலைக் கைது செய்து வெளியே கூட்டிப்போகும்போது தெருவில் கேமராக்கள் நின்றன.

"மூஞ்சிய மூட எதாவது துணி குடும்மா. கேஸ் முடியுற வரைக்கும் ஆள் யாருன்னு தெரியக் கூடாது," என்றார் ஏட்டு.

வாத்தியாரின் மனைவி கோமளம் கைக்கு எட்டியதை உருவிக் கொடுத்தாள். போன ஆவணியில் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காய் போட்டுக் கொடுத்ததில் மிஞ்சிய மஞ்சள் பை. ஏட்டு அதை வாத்தியார் தலையில் கவிழ்த்தார். கழுத்துவரை இறங்கியது.

செய்தியில் பெயரைச் சொல்லவில்லை. முகமும் தெரியவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் 'தமயந்தி – இளவழகன்' என்ற சிவப்பு எழுத்து மட்டும், அவர் மூச்சு விடும்போதெல்லாம் உப்பி உப்பி அமுங்கியது.

ஐந்நூறு பை அச்சடித்திருந்தார்கள். மறுநாள் விடியும்போதே வாசல் கேட்டில் நாலு தொங்கின. மதியத்துக்குள் இன்னும் முப்பது. யாரும் மணியடிக்கவில்லை. எல்லாம் துவைத்த காலிப் பைகள்.

சாயங்காலம் தமயந்தியே வந்தாள். அவள் கொண்டுவந்த பையில் நாலு புடவை திணித்திருந்தது.

"வீட்ல வேற துணியே இல்லையாம்மா?" என்றாள்.