ஹீட்டரை மாற்றச் சொன்னவள்

"தம்பி, இந்த எண்ணெய் ஹீட்டரைக் கழட்டாதேங்கோ. இது எரியேக்கதான் எங்கட மகள் நிலானி வந்து எனக்குப் பக்கத்தில இருப்பாள்" என்றாள் ரதிதேவி.

மனுரேவா புறநகரில் இருந்த அந்த வீட்டுக்கு கேஸ் ஹீட்டர் பொருத்த வந்த விக்னேஷ், சங்கடத்தோடு அவள் கணவரைப் பார்த்தான்.

"நீங்கள் கழட்டுங்கோ" என்றார் ஆனந்தராசா, வெளிறிய முகத்தோடு.

மகளுக்கு கேஸ் சூடும் பழகிவிடும் என்று நினைத்தபடி விக்னேஷ் ஹீட்டரை நகர்த்தினான். பின்னால் புகைக்குழாய் நீளமாகப் பிளந்திருந்தது.

"ஐயோ சார், விஷப்புகை ரூமுக்குள்ளதான் வந்திட்டிருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ரெண்டு பேரும் தூக்கத்துலயே போயிருப்பீங்க. மாத்தச் சொல்லி யார் சொன்னாங்க?"

"மகள்தான். 'அப்பா, இதை நிப்பாட்டுங்கோ' எண்டு ஒவ்வொரு நாளும் வந்து அழுதவள்."

ரதிதேவி பாய்ந்து வந்து கணவரின் கையைப் பிடித்தாள்.

"அப்ப நீங்களும் அவளைக் கண்டனீங்களே?"

"ஓம்" என்றார் அவர்.

விக்னேஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்க பொண்ணு இப்ப எங்கேம்மா?"

ரதிதேவி அவன் பக்கம் திரும்பினாள்.

"மோட்டர்வே விபத்தில பிள்ளை செத்து ரெண்டு வருசம், தம்பி."